பிஎஸ்2 மெமரி கார்டு மக்கர் பண்ணுதா? ஃபார்மேட் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்தில் இருந்து சித்தி பையன் போன் பண்ணினான். "அண்ணா, கார்டு ஃபார்மேட் ஆகலன்னு வருது, ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது, யெஸ் கொடுத்துடவா?" நான் கையில் இருந்த டீயை வைத்துவிட்டுக் கத்தினேன். "நோ கொடுறா, ஆஃப் பண்ணுடா, கார்டக் கழட்டுடா." அவன் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2 கேம் மெஷின்) கார்டில் சான் ஆன்ட்ரியாஸ் கேமை முக்கால்வாசி முடித்த சேவ், அதாவது ஆடியவரைக்குமான பதிவு, இருக்கிறது. கழற்றித் துடைத்துப் போட்டான், எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. நான் இவ்வளவு பதறியதற்குக் காரணம், அவன் வயதில் இதே கேள்விக்கு நான் யெஸ் கொடுத்தவன்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். பிஎஸ்2 கார்டின் தொடக்கத்தில் 'இது ஃபார்மேட் ஆன கார்டு' என்று அடையாளம் சொல்லும் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. கேம் முதலில் அதைத்தான் படிக்கும். அழுக்காலோ, சரியாக உட்காராததாலோ அந்த இடம் ஒழுங்காகப் படிக்கவில்லை என்றால் கேமைப் பொறுத்தவரை அது வெறும் கார்டு, ஃபார்மேட் பண்ணட்டுமா என்று கேட்டுவிடும். உங்கள் சேவ் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. அதை அழிக்கப்போவது நீங்கள் கொடுக்கும் யெஸ்தான். என்னிடம் 'செத்துப்போச்சு' என்று வந்த கார்டுகளில் பாதிக்கு மேல் சாகவே இல்லை.

கார்டே தெரியவில்லை, அல்லது ஃபார்மேட் கேட்கிறது

டிஸ்க் போடாமல் ஆன் பண்ணுங்கள். மெனுவில் பிரவுசருக்குள் போனால் கார்டு படம் தெரியும். இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். முடிந்தால் நண்பனுடைய கார்டு ஒன்றையும் வாங்கிப் போட்டுப் பாருங்கள். இந்த இரண்டு சோதனையிலேயே குற்றவாளி கார்டா ஸ்லாட்டா என்று தெரிந்துவிடும். உங்கள் கார்டு இரண்டாவது ஸ்லாட்டில் ஓடி முதலாவதில் ஓடவில்லை என்றால் ஸ்லாட். நண்பன் கார்டு இரண்டிலும் ஓடி உங்களுடையது எதிலும் ஓடவில்லை என்றால் கார்டு. இதைப் பார்க்காமலே புதுக் கார்டு வாங்கி, அதுவும் ஓடாமல் கடைக்காரரிடம் சண்டைக்குப் போன ஆட்களைச் சத்துவாச்சாரியிலேயே நாலு பேரைக் காட்டுவேன்.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. டிஸ்க் போட்டு ஆன் பண்ணும்போது இருட்டில் மிதக்கிற மாதிரி தூண்கள் வருமே, அது சும்மா அழகுக்கு இல்லை. நீங்கள் எந்தெந்த கேமை எத்தனை முறை ஆடினீர்கள் என்ற கணக்கு கார்டில் பதிவாகி, அதைப் பார்த்துத்தான் தூண்கள் முளைக்கின்றன, உயர்கின்றன. நேற்றுவரை காடு மாதிரி இருந்த தூண்கள் இன்று ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக வந்தால், கேம் லோட் ஆவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம், கார்டைப் படிக்கவில்லை. அங்கேயே ஆஃப் பண்ணிவிடுங்கள்.

சரி, துடைப்பது எப்படி. நம்ம ஊர் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டாம், பாலாற்றில் தண்ணீரைவிட மணல் ஓடிய நாள்தான் அதிகம், மாடி ரூமில் ஜன்னல் திறந்து வைத்தால் ஒரு வாரத்தில் டிவி மேல் பெயர் எழுதலாம். கார்டின் வாய்ப் பக்கத்தில் உள்ளே வரிசையாகச் செப்பு நிறத் தகடுகள் தெரியும். மொபைல் ரிப்பேர் கடையில் போர்டு கழுவ ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) என்று ஒரு திரவம் வைத்திருப்பார்கள், சின்ன பாட்டில் போதும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐபிஏ தொட்டு, பஞ்சை லேசாகப் பிழிந்துவிட்டு, தகடுகள் மேல் நீளவாக்கில் நாலு முறை இழுங்கள். பஞ்சு கருப்பாக வந்தால் புதுப் பஞ்சு, வெள்ளையாக வரும்வரை. கறை ஏறிக் கருத்திருந்தால் பென்சில் ரப்பரை மெல்லிசாக வெட்டி உள்ளே விட்டு லேசாகத் தேய்க்கலாம், ஆனால் ரப்பர் துகள் ஒன்றுகூட உள்ளே தங்கக்கூடாது. பத்து நிமிடம் காயவிட்டுப் போடுங்கள்.

வாயால் ஊதாதீர்கள். எல்லோரும் செய்வது, நானும் செய்தேன், ஊதினால் ஓடவும் செய்யும், ஏனென்றால் ஊதுவதற்காகக் கழற்றி மறுபடி செருகுகிறோமே, அந்தச் செருகலில்தான் சரியாகிறது. எச்சில் ஈரம் தகட்டில் தங்கி நாளாவட்டத்தில் களிம்பு பிடிக்கும். பெட்ரோல், தேங்காய் எண்ணெய், உப்புக் காகிதம் எதுவும் வேண்டாம். ஆற்காட்டில் ஒரு பையன் பல் தேய்க்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் கொண்டு வந்தான், கார்டு மணமாக இருந்தது, ஓடவில்லை.

ஸ்லாட்டுக்குள்ளும் இதே வேலை, ஆனால் பவர் வயரைப் பிடுங்கிவிட்டு. உள்ளே இருப்பவை ஸ்பிரிங் மாதிரி வளைந்த ஊசிகள், அழுத்தினால் படுத்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள், எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதுதான் வில்லன். அதை ஊசியால் நிமிர்த்துவது சாத்தியம்தான், ஆனால் கை நடுங்கும் ஆளாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கார்டும் தெரியவில்லை, கன்ட்ரோலரும் வேலை செய்யவில்லை என்றால் கதையே வேறு. இரண்டும் முன்பக்கத்தில் ஒரே தொகுதியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பழைய பெரிய மாடலில் அந்தத் தொகுதியில் இருந்து போர்டுக்குப் போகும் பட்டை கேபிள் நழுவியிருக்கலாம், அல்லது போர்டில் இருக்கும் குட்டி ஃப்யூஸ் போயிருக்கலாம். இதற்குப் பஞ்சுக் குச்சி உதவாது, சால்டரிங் தெரிந்த ஆளிடம்தான் போக வேண்டும்.

கார்டு தெரிகிறது, ஆனால் கேம் மட்டும் கார்டு இல்லை என்கிறது

முதலில் கார்டின் நிறத்தையும் எழுத்தையும் பாருங்கள். பழைய பிஎஸ்1 கார்டு 128 கேபி, அதில் 15 பிளாக். பிஎஸ்2 கார்டு 8 எம்பி, மேலே மேஜிக்கேட் என்று எழுதியிருக்கும். பிஎஸ்2 கேம் எதுவும் பிஎஸ்1 கார்டில் சேவ் ஆகாது. அதே மாதிரி, பிஎஸ்2-வில் பிஎஸ்1 டிஸ்க் போட்டு ஆடினாலும் அதற்குப் பிஎஸ்1 கார்டுதான் வேண்டும். பிஎஸ்1 சேவைப் பிரவுசரில் பிஎஸ்2 கார்டுக்குக் காப்பி பண்ணி வைக்கலாம், பத்திரமாக இருக்கும், ஆனால் ஆடும்போது திரும்பப் பிஎஸ்1 கார்டுக்கு மாற்றினால்தான் கேம் எடுக்கும். இது கோளாறே இல்லை, அதன் ஏற்பாடே அப்படித்தான். இதற்காக வந்தவர்களிடம் நான் டீக்காசுகூட வாங்குவதில்லை.

அப்புறம், முதல் ஸ்லாட்டை மட்டுமே பார்க்கும் கேம்களும் இருக்கின்றன. கார்டை இரண்டாவதில் போட்டுவிட்டு இல்லை இல்லை என்றால் அது என்ன செய்யும்.

பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ கேமைப் போட்டு ஓபிஎல் (டிஸ்க் இல்லாமல் கேமை ஓட்டும் புரோகிராம்) வழியாக ஆடுகிறீர்களா? இப்போது நம்ம பக்கம் பாதிப்பேர் அப்படித்தான், டிஸ்க் லென்ஸ் போன மெஷினெல்லாம் அதில்தான் உயிரோடு இருக்கின்றன. ஓபிஎல்லில் ஒவ்வொரு கேமுக்கும் தனியாக விஎம்சி என்ற பொய்க் கார்டு வைக்கும் வசதி உண்டு. அதை ஆன் பண்ணிவிட்டால், அந்த கேம் நிஜக் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது, சேவ் முழுக்க பென் டிரைவில் இருக்கும் கோப்புக்குப் போகும். பிறகு யாராவது செட்டிங்ஸை நோண்டி விஎம்சியை எடுத்துவிட்டால் 'என் சேவெல்லாம் காணோம்' என்று அலறல். காணாமல் போகவில்லை. விஎம்சியைத் திரும்பப் பொருத்துங்கள், வந்துவிடும்.

சேவ் பிரவுசரில் இருக்கிறது, கேமுக்குள் போனால் இல்லை

இதில்தான் நான் ரொம்ப நாள் ஏமாந்தேன். காட்பாடி நண்பன் வீட்டில் மோஸ்ட் வான்டட் பாதி ஆடி, கார்டை எடுத்து வந்து என் டிஸ்க்கில் போட்டால் புதிதாக ஆரம்பி என்கிறது. அதே கேம், அதே படம் போட்ட அட்டை. கார்டு திருட்டுத்தனம் பண்ணுகிறது என்றே நினைத்தேன்.

விஷயம் என்னவென்றால் அவன் டிஸ்க் அமெரிக்கப் பதிப்பு, என்னுடையது ஐரோப்பியப் பதிப்பு. பிஎஸ்2 சேவ் ஒவ்வொன்றும் ஒரு ஃபோல்டர். அந்த ஃபோல்டரின் பெயரிலேயே டிஸ்க்கின் குறியீடு இருக்கும். அமெரிக்க டிஸ்க் என்றால் பெயர் 'பிஏ' என்று தொடங்கும், ஐரோப்பா என்றால் 'பிஇ', ஜப்பான் என்றால் 'பிஐ'. கேம் தன் குறியீடு உள்ள ஃபோல்டரை மட்டுமே தேடும். காந்தி ரோட்டிலும் லாங் பஜாரிலும் அந்தக் காலத்தில் வாங்கிய டிஸ்க்குகளில் எது எந்த நாட்டுப் பதிப்பு என்று யார் பார்த்தார்கள்? டிஸ்க் கீறிப்போய் வேறு ஒன்று வாங்கினால் பதிப்பு மாறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெயரை மட்டும் மாற்றினால் சில கேம் எடுக்கும், பல கேம் எடுக்காது. நம்பகமான வழி, சேவ் எந்தப் பதிப்பில் உருவானதோ அதே பதிப்பு டிஸ்க்கைத் தேடிப் பிடிப்பதுதான்.

இடம் போதவில்லை என்கிறது

8 எம்பி என்று போட்டிருந்தாலும் கையில் வருவது சுமார் 8000 கேபி. சின்ன கேம் நூறு இருநூறு கேபியில் முடித்துக்கொள்ளும், ஆளை உருவாக்கும் மல்யுத்த கேமும் சீசன் ஓட்டும் விளையாட்டு கேமும் கார்டைக் கபளீகரம் பண்ணும். பிரவுசரில் ஒவ்வொரு சேவின் கேபியும் தெரியும். ஆடாததை இன்னொரு கார்டுக்குக் காப்பி பண்ணிவிட்டு அழியுங்கள். சில கேமின் சேவ் காப்பி ஆகாதபடி பூட்டப்பட்டிருக்கும், அது உங்கள் தப்பு இல்லை. 'யுவர் சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்று ஒன்று இருக்குமே, அதை அழித்தாலும் மெஷின் திரும்ப உருவாக்கிக்கொள்ளும். தூண்கள் மட்டும் முதலில் இருந்து முளைக்கும்.

இடம் போதவில்லை என்று 64 எம்பி, 128 எம்பி என்று கடையில் தொங்கும் கார்டை வாங்கலாமா என்று கேட்டால், நான் வேண்டாம் என்பேன். ஓடாது என்று இல்லை, ஓடும், ஆறு மாதம் நன்றாகவே ஓடும். சில கேம் அதை ஏற்காது. ஏற்ற கேமிலும் என்றாவது ஒருநாள் கார்டு மொத்தமாகக் கைவிரிக்கும்போது 8 எம்பிக்குப் பதில் 64 எம்பி சேவ் போகும். இரண்டு 8 எம்பி கார்டு நல்லது.

கரப்டட் டேட்டா என்று வருகிறது

இது மட்டும் நிஜமாகவே நோய். சேவ் எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் அறுந்துபோனது. நம்ம ஊரில் காரணம் தேட வேண்டியதில்லை. 2012-ல் நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில், வேலூர் வெயிலில், ஃபேனும் இல்லாமல், எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாமல் கேம் ஆடியவர்களுக்குத் தெரியும். கிரிக்கெட் 07-ல் டெஸ்ட் மேட்ச் நாலாம் நாள் சேவ் ஆகிக்கொண்டிருக்கும், பட்டென்று இருட்டு. கேம் கடை பாய் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டே கேட்பார், "இன்னா தம்பி, சேவ் பூட்ச்சா?" பூட்ச்சி பாய். மணிக்கு இருபது ரூபாய் அதோடு போச்சு.

இன்வெர்ட்டர் இருந்தாலும் நம்ப வேண்டாம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கிற அந்தக் கண்ணிமைக்கும் இடைவெளியில் மெஷின் ரீசெட் ஆகிவிடும் வீடுகள் உண்டு. கம்ப்யூட்டருக்கு வைக்கும் யுபிஎஸ்ஸில் டிவியையும் பிஎஸ்2-வையும் சேர்த்து மாட்டினால் சேவ் பண்ணி அணைக்கத் தேவையான ஐந்து நிமிடம் கிடைக்கும், அது போதும்.

கெட்டுப்போன சேவ் ஒன்றே ஒன்று என்றால் அதை மட்டும் பிரவுசரில் அழித்துவிடுங்கள், மற்றவை பிழைக்கும். அது பக்கத்தில் போனாலே பிரவுசர் உறைந்து நின்றால், யுலாஞ்ச்எல்ஃப் என்ற கோப்பு மேலாளர் புரோகிராம் வழியாகப் போய் அந்த ஃபோல்டரை நீக்கலாம், ஏனென்றால் அது சேவின் படத்தை வரைந்து காட்ட முயல்வதில்லை, பெயரை மட்டும் காட்டும். ஒன்றை அழித்ததும் இன்னொன்று கெடுகிறது, அதை அழித்தால் மற்றொன்று என்றால், கார்டின் உள்ளே இருக்கும் பட்டியலே குழம்பிவிட்டது அல்லது சிப் தேய்ந்துவிட்டது. அப்போது நல்லவற்றை வெளியே எடுத்தபிறகு, அதாவது எடுத்தபிறகு மட்டும், ஃபார்மேட். ஃபார்மேட் ஆன பின்னும் அதே கூத்து என்றால் அந்தக் கார்டுக்கு மாலை போட்டுவிடலாம்.

தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் கேட்கிறது, அதனால்தான் சேவ் போகிறதா?

இல்லை. அது மெஷின் உள்ளே இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி. கடிகாரத்துக்கு மட்டும். கார்டுக்குள் பேட்டரி கிடையாது, ஃப்ளாஷ் சிப்தான், கரண்ட் இல்லாமலே நினைவில் வைத்திருக்கும்.

ஃப்ரீ மெக்பூட் கார்டு திடீரென்று பூட் ஆகவில்லை

ஃப்ரீ மெக்பூட் என்பது கார்டில் நிறுவும் ஒரு புரோகிராம், மெஷின் ஆன் ஆனதும் அதில் இருந்து ஓபிஎல், யுலாஞ்ச்எல்ஃப் மாதிரியானவற்றைத் திறக்கலாம். இதற்கும் முதல் மருந்து துடைப்பதுதான், மேலே சொன்ன மாதிரி. அடுத்து, யாராவது இடம் போதவில்லை என்று அந்தக் கார்டில் இருந்து புரியாத ஃபோல்டர்களை அழித்தார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். தம்பிகள் உள்ள வீட்டில் விசாரணையே தேவையில்லை. எல்லா மாடலிலும் ஓடும்படி 'மல்டி' முறையில் நிறுவிய கார்டில் உள்பட்டியல் வேண்டுமென்றே முறுக்கி வைக்கப்பட்டிருக்கும், அதில் கோப்பு அழிப்பதும் போடுவதும் மொத்தத்தையும் கெடுத்துவிடும். அதனால் ஃப்ரீ மெக்பூட் கார்டு தனி, சேவ் கார்டு தனி. ஒன்றில் இரண்டையும் வைப்பது, கல்யாண நகையையும் காய்கறியையும் ஒரே கூடையில் கொண்டுபோவது மாதிரி.

நண்பன் வீட்டில் ஓடுகிறது, உங்கள் வீட்டில் ஓடவில்லை என்றால் மெஷினைக் கவிழ்த்து மாடல் நம்பரைப் பாருங்கள். 90000 வரிசை ஸ்லிம்மில் (மெல்லிய மாடல்) கடைசியாக வந்தவற்றில், அதாவது பயாஸ் (மெஷினுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை புரோகிராம்) 2.30 உள்ளவற்றில், ஃப்ரீ மெக்பூட் ஓடாது. கார்டையோ கடைக்காரரையோ திட்டிப் பயனில்லை. அதற்கு ஓபன்டூனா என்று வேறு வழி இருக்கிறது, அது பிரவுசரில் கார்டைத் திறக்கும்போது கிளம்பும்.

சிவப்புத் திரை வந்து பிளேஸ்டேஷன் டிஸ்க்கைப் போடு என்று சொன்னால் அது கார்டே இல்லை, டிஸ்க்கையோ லென்ஸையோ பாருங்கள். அதையும் கார்டு கோளாறு என்று என்னிடம் கொண்டு வருகிறார்கள்.

சேவை பென் டிரைவுக்கு எடுப்பது

மேலே 'வெளியே எடுத்தபிறகு' என்று சொன்னேனே, அது இதுதான். ஃப்ரீ மெக்பூட் கார்டு ஒன்று கையில் இருக்க வேண்டும், யாரிடமாவது கடன் வாங்கினாலும் போதும். பென் டிரைவை ஃபேட்32-வாக ஃபார்மேட் பண்ணிக்கொள்ளுங்கள் (இந்த ஃபார்மேட்டுக்குத் தாராளமாக யெஸ் கொடுக்கலாம், உள்ளே தங்கச்சி நிச்சயதார்த்த போட்டோ இல்லை என்று மட்டும் பார்த்துவிட்டு). ஃப்ரீ மெக்பூட் கார்டு முதல் ஸ்லாட்டில், நோயாளி இரண்டாவதில். யுலாஞ்ச்எல்ஃப்பைத் திறந்தால் முதல் ஸ்லாட் 'எம்சி0' என்றும் இரண்டாவது 'எம்சி1' என்றும் பென் டிரைவ் 'மாஸ்' என்றும் தெரியும். எம்சி1-க்குள் போய் வேண்டிய ஃபோல்டரில் நின்று ஆர்1 அழுத்தினால் மெனு வரும், காப்பி கொடுங்கள். மாஸுக்குள் போய் மறுபடி ஆர்1, இந்தமுறை சாதாரண பேஸ்ட் வேண்டாம், பிஎஸ்யு பேஸ்ட். அப்படிச் செய்தால் ஃபோல்டர் முழுவதும் ஒரே கோப்பாகக் கட்டி வரும், தேதி முதற்கொண்டு கலையாமல். திரும்பக் கார்டில் போடும்போதும் பிஎஸ்யு பேஸ்ட்தான், அது தானாக விரிந்துகொள்ளும்.

மெதுவாகத்தான் போகும், பிஎஸ்2-வின் யுஎஸ்பி 1.1 காலத்துச் சரக்கு. உறைந்துவிட்டது என்று நினைத்து நடுவில் பிடுங்காதீர்கள். சித்தி பையனுக்குப் போனிலேயே இதைச் சொல்லிக்கொடுத்தேன், மொத்தக் கார்டையும் எடுத்து முடிக்க அவனுக்கு ஒரு மதியம் ஆனது, பாதியில் கரண்ட் வேறு போனது. எடுத்த கோப்பை என் மெயிலுக்கும் ஒரு காப்பி அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். திறந்து பார்த்தால் முக்கால்வாசி முடித்தேன் என்று சொன்ன சான் ஆன்ட்ரியாஸ் 31 சதவீதத்தில் இருக்கிறது.